வண்டியில் ஒலிக்கும் பாட்டும் கொதிக்கும் பெட்டியும்

ராஜபாளையத்தில் வாடகை வேன் ஓட்டும் நேயர் ஒருவர் நான்கு பக்க அளவில் நீண்டதொரு கடிதம் வரைந்துள்ளார். வங்கிக் கடனில் வாங்கிய வண்டி. நிக்காஹ் வீட்டாரையும், சாரல் காலத்தில் குற்றாலம் செல்வோரையும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலைக்குச் செல்லும் பக்தர்களையும் ஏற்றிச் சென்று குடும்பம் நடத்தி வருகிறார். திருவண்ணாமலை என்றதும் வடக்கே உள்ள அருணாசல மலையை வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் குன்றும் அதன் அடியில் உள்ள ஊரும் அதே பெயரைத் தாங்கி நிற்கின்றன. தென் திருப்பதி என்று சிறப்பித்துக் கூறப்படும் அவ்விடத்திற்குப் புரட்டாசியில் திரளும் கூட்டம், அவ்வட்டாரத்து வண்டிக்காரர்கள் அனைவருக்கும், இன்ன மதத்தார் என்ற பேதமின்றி, ஒரு மாத வருவாயை அளிக்கிறது.

இனி நேயரின் சிக்கலுக்கு வருவோம். பயணம் செய்வோர் ஏறி அமர்ந்த மறு நிமிடமே, "பாய், பாட்டுப் போடுங்க; சவுண்டைக் கூட்டி வையுங்க" என்கின்றனராம். பாட்டு நன்றாகக் கேட்கும் வண்டியையே அடுத்த முறையும் அழைக்கின்றனராம். ஆகவே அவர் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், நான்கு ஸ்பீக்கர்களும், பின்புறத்தில் ஒரு சப் ஊஃபரும் பொருத்தினார். அதற்குப் பின் ஆறு திங்களுக்குள் இருமுறை ஸ்பீக்கர் காயில்கள் கருகிவிட்டன. ஆம்ப்ளிஃபயர் அரை மணி நேரம் பாடியதும் கை வைக்க இயலாதவாறு கொதித்துத் தானாகவே நின்று விடுகிறது. பொருத்திக் கொடுத்த கடைக்காரரோ, "இது பத்தாது, இதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்" என்று ஆலோசனை கூறியுள்ளார். "வண்டிக்குத் தவணை கட்டுவேனா, ஆம்ப்ளிஃபயருக்குத் தவணை கட்டுவேனா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்துள்ளார் நேயர்.

அவருக்கு நாம் முதலில் கூற விரும்புவது, பெரிய ஆம்ப்ளிஃபயர் எதையும் வாங்க வேண்டாம் என்பதே. அவர் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "கெயின் திருகை முழுவதும் வலப்புறம் வைத்தும் சத்தம் போதவில்லை" என்று ஒரு வரி எழுதியுள்ளார். நோய் இன்னதென்று அந்த ஒரு வரியே காட்டிக் கொடுத்து விட்டது.

ஆம்ப்ளிஃபயரின் உடலில், சிறிய திருப்புளியால் திருகும்படி அமைந்த திருகுக்குக் கெயின் என்று பெயர். மக்கள் இதனை இன்னொரு வால்யூம் என்றே கருதுகின்றனர். பொருத்துபவர்களிலும் பலர் அவ்வாறே கருதுகின்றனர். அதன் இரு முனைகளிலும் அச்சிடப்பட்டிருப்பதை உற்று நோக்கினால் உண்மை புலப்படும். ஒரு முனையில் 4 வோல்ட் அல்லது 6 வோல்ட் என்றும், மறு முனையில் 0.2 வோல்ட் என்றும் குறித்திருப்பர். ஸ்டீரியோ செட்டிலிருந்து எத்தனை வோல்ட் வந்தால் இந்த ஆம்ப்ளிஃபயர் தன் முழு வலிமையையும் காட்ட வேண்டும் என்பதை நிர்ணயிப்பதே அத்திருகின் வேலை. சில செட்டுகள் 2 வோல்ட் அளிக்கும், சில 4 வோல்ட் அளிக்கும். பழைய செட்டுகள் 1 வோல்ட்டுக்கும் குறைவாகவே அளித்தன. இப்படி வெவ்வேறு செட்டுகளோடும் ஒரே ஆம்ப்ளிஃபயர் இணங்கிப் போக வேண்டும் என்பதற்காகவே அத்திருகை வைத்துள்ளனர். 4 வோல்ட் அளிக்கும் செட்டை இணைத்துவிட்டு, திருகை 0.2 வோல்ட் முனைக்குக் கொண்டு சென்றால் என்ன ஆகும்? செட்டின் வால்யூமைச் சிறிதளவு உயர்த்தியதுமே ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குப் பின் உயர்த்துவதெல்லாம் பிசிறலாகவும் சூடாகவும் மாறும்.

நம் கண்மாய்களை எண்ணிப் பாருங்கள். மடையை எவ்வளவு திறந்தாலும் வாய்க்காலின் கரை உயரத்திற்கு மேல் நீர் ஓடாது, கரை புரண்டு வயலை அழிக்கும். ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் ஒரு கரை உண்டு. அதற்கு உள்ளே கிடைக்கும் மின்னழுத்தமே அக்கரை. ஒலியின் அலை அதைத் தாண்டி எழ முயலும்போது தலை வெட்டுண்டு தட்டையாகிவிடுகிறது. மெக்கானிக்குகள் இதனைக் கிளிப்பிங் என்பர். உருண்டு திரண்டு ஏறி இறங்க வேண்டிய அலை, மேசைப் பலகைபோல் தட்டையாக நிற்கிறது. காதில் கரகரப்பாக விழுவது அதுதான்.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்பது நல்லது. வண்டியின் ஸ்டீரியோ செட் அட்டைப்பெட்டியில் "50 வாட் x 4" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதை அனைவரும் கண்டிருப்பீர்கள். இயங்கும் வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 வருகிறது. அந்த 50 வாட் பிறந்த கதை இதுவே. ஆனால், இக்கணக்கு அலை முழுவதும் தட்டையாக வெட்டுண்ட நிலைக்கே பொருந்தும். அந்நிலையில் பாட்டைக் காது கொடுத்துக் கேட்க இயலாது. பிசிறாத தூய அலைக்கு இதில் பாதியே, அதாவது 26 வாட் அளவே, உச்ச வரம்பு. நடைமுறையில் இருபதைத் தாண்டுவதே அரிது. ஆகவே, அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணை நம்பி ஒருவரும் ஏமாற வேண்டாம். உள்ளே இருக்கும் குறிப்புத் தாளில் ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்பட்ட வாட் எண் எதுவோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். தனி ஆம்ப்ளிஃபயர் வாங்குவதன் பயனும் இங்கேதான் உள்ளது. வண்டியின் 12 வோல்ட்டை உள்ளே உயர்த்திக்கொண்டு, மேலும் உயரமான கரையை அது அமைத்துத் தருகிறது. அத்தகைய கருவியை வாங்கிய பின்னும் கரை புரள விடுவது காசைக் கரியாக்கும் செயலன்றோ!

இதே கணக்கில் ஸ்பீக்கர் கருகிய காரணமும் அடங்கியுள்ளது. ஒரே உயரமுள்ள தூய அலையைவிட, முற்றிலும் தட்டையான அலை இரு மடங்கு ஆற்றலைக் காயிலுக்குள் செலுத்துகிறது. அவ்வாறு செல்லும் ஆற்றலில் ஒலியாக மாறுவது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சாதாரண வண்டி ஸ்பீக்கரில் நூற்றில் ஒரு பங்களவே ஒலியாகிறது. எஞ்சிய அனைத்தும் மயிரிழை போன்ற அந்தக் கம்பிச் சுருளில் சூடாகவே தங்குகிறது. சிறிய ட்வீட்டர்கள் முதலில் பலியாவதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அலை வெட்டுப்படும்போது மூலப் பாட்டில் இல்லாத உயர் சுருதி ஒலிகள் புதிதாக முளைத்து அவற்றின் மீது விழுகின்றன.

ஆம்ப்ளிஃபயர் கொதிப்பதற்கான காரணம் இன்னும் நுட்பமானது. பாட்டு என்பது ஏற்ற இறக்கங்கள் கொண்டது. தபேலாவின் ஒரு தட்டு உச்சத்தைத் தொடும், மறு கணமே ஒலி தாழும். எனவே பிசிறாமல் பாடும் ஆம்ப்ளிஃபயரின் சராசரி உழைப்பு, அதன் முழு வலிமையில் எட்டில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான் இருக்கும். கெயினை மிகுதியாக்கி உச்சங்களை வெட்டிவிட்டாலோ தாழ்ந்த ஒலிகளும் மேலேறி, சராசரி உழைப்பு மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும். ஏ.பி. வகை என்னும் பழைய முறை ஆம்ப்ளிஃபயர்கள் மிக அதிகமாக வெப்பத்தைக் கக்குவது முழு வலிமையில் இயங்கும்போது அன்று. ஏறத்தாழ 40 விழுக்காட்டு வலிமையில் இயங்கும்போதுதான். பிசிறும் பாட்டு அவற்றை அதே இடத்திற்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாக நிற்பது பழுது என்று நேயர் எண்ணுகிறார். உண்மையில், கருவி தன்னைத் தானே காத்துக் கொள்ளும் ஏற்பாடு அது. அதைச் செயலிழக்கச் செய்து ஓட்டும் கைதேர்ந்தவர்களும் ஊரில் உள்ளனர். அவர்களிடம் வண்டியை விட வேண்டாம்.

சரி, பெரியதாக வாங்கினால் சத்தம் கூடுமல்லவா என்று கேட்கலாம். வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். செவிக்கு அது சற்றுக் கூடியிருப்பது போலத் தோன்றும், அவ்வளவே. இரு மடங்கு உரக்கக் கேட்கிறது என்ற உணர்வு தோன்ற வேண்டுமெனில் 10 டெசிபல் உயர வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 75 வாட்டை விற்றுவிட்டு 150 வாட் வாங்குபவர், பணத்திற்கேற்ற பலனைக் காணப் போவதில்லை. அவரது பாட்டரியும் ஆல்டர்னேட்டரும்தான் அந்த மாற்றத்தை நன்கு உணரும்.

கெயினைச் செவ்வனே அமைப்பதற்குத் தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டரும், சோதனை ஒலிகள் பதிந்த ஒரு பென் டிரைவும் மட்டுமே. மின்சாரக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரே இதற்குப் போதும். சோதனை ஒலி என்பது ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக ஒலிக்கும் ஓசை. 400 ஹெர்ட்ஸ் ஒன்றும் 50 ஹெர்ட்ஸ் ஒன்றும், 0 டெசிபல் அளவில் பதிந்து கொள்ளவும். 1000 ஹெர்ட்ஸ் பயன்படுத்துமாறு பலர் கூறுவர். மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக அளப்பதில்லை என்பதால் நாம் 400-ஐயே பரிந்துரைக்கிறோம்.

முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்லும் வயர்கள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். இதை மறந்தால் சோதனை ஒலியே ஸ்பீக்கரைக் கருக்கிவிடும். செட்டில் பேஸ், டிரெபிள், ஈக்வலைசர் யாவும் பூஜ்யத்தில் நிற்கட்டும். லவுட்னஸ் என்று ஒன்று இருப்பின் அதை நிறுத்தவும். ஆம்ப்ளிஃபயரில் உள்ள பேஸ் பூஸ்ட் திருகையும் பூஜ்யத்திற்குக் கொணர்ந்து, கெயினை முழுவதும் இடப்புறம் திருப்பவும். எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கட்டும், ஏனெனில் நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டும் ஓடும் வண்டியில் 14 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். நாம் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் ஓடும் வண்டியில்தானே! ஆனால் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு இவ்வேலையைச் செய்யலாகாது. புகையில் உள்ள நச்சு வாயு ஆளைக் கொன்றுவிடும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திக் கொள்ளவும்.

அடுத்து, எத்தனை வோல்ட் வரை உயர்த்தலாம் என்பதைக் கணித்துக்கொள்ள வேண்டும். ஒரு சேனலின் ஆர்.எம்.எஸ். வாட்டை ஸ்பீக்கரின் ஓம் எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் அதுவே இலக்கு. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் நொடியில் கூறிவிடும். 75 வாட், 4 ஓம் எனில் 300-இன் வர்க்கமூலம், அதாவது 17.3 வோல்ட். 50 வாட், 4 ஓம் எனில் 14.1 வோல்ட். சப் ஊஃபருக்கு 200 வாட், 4 ஓம் எனில் 28.3 வோல்ட். அதே 200 வாட் 2 ஓமில் எனில் 20 வோல்ட். ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் எண்ணும் ஸ்பீக்கருக்கு வேறோர் எண்ணும் இருந்தால், இரண்டில் சிறியதையே எடுத்துக் கொள்ளவும். நேயரின் ஆம்ப்ளிஃபயர் சேனலுக்கு 75 வாட். அவர் எழுதியுள்ள விவரப்படி ஸ்பீக்கர்கள் 50 வாட்டையே தாங்கக் கூடியவை. எனவே அவருக்கு 14.1 வோல்ட்டே எல்லை.

இப்போது 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, செட்டின் வால்யூமை அதன் முழு அளவில் நான்கில் மூன்று பங்கிற்குக் கொண்டு செல்லவும். நாற்பது வரை உள்ள செட்டாயின் முப்பது. அதற்கு மேல் பல செட்டுகள் தாமே பிசிறத் தொடங்கிவிடும், பிசிறி வரும் ஒலியை ஆம்ப்ளிஃபயரால் திருத்த இயலாது. மீட்டரை ஏ.சி. 200 வோல்ட் பகுதியில் வைத்து, அதன் இரு முனைகளையும் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் தொடவும். பின்னர் கெயினைச் சிறிது சிறிதாக வலப்புறம் திருப்பி, மீட்டர் 14.1 காட்டியதும் நிறுத்திவிடவும். முன் ஸ்பீக்கர்களுக்கும் பின் ஸ்பீக்கர்களுக்கும் தனித்தனியே இவ்வாறு செய்ய வேண்டும். சப் ஊஃபர் சேனலுக்கு மட்டும் 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்தவும். முடிந்ததும் அனைத்தையும் அணைத்து, வயர்களை மீண்டும் இணைத்து, செட்டின் முகப்பில் முப்பது என்ற எண்ணை மனத்தில் குறித்துக் கொள்ளவும். யார் கேட்டாலும் அதற்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்து விட்டால், கெயினை மீண்டும் தொட வேண்டிய அவசியமே நேராது.

வேலை முடிந்து திருகைப் பார்க்கும்போது, அது பாதி தூரம்கூட வந்திராதது கண்டு பலர் வியப்படைவர். மீதியை வீணாக்குகிறோமே என்று கை துடிக்கும்! 4 வோல்ட் அளிக்கும் செட்டுடன் இணைக்கும்போது திருகு இடப்புற முனையை ஒட்டியே நிற்பது இயல்பு.

மீட்டர் கிடைக்காத இடத்தில் செவியை நம்பியும் ஓரளவு செய்யலாம். நன்கு பழகிய ஒரு பாட்டை, செட்டின் முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, கெயினை மெல்ல உயர்த்தி, குரலில் பிசிறு தட்டுப்பட்டதும் நிறுத்தி, அங்கிருந்து சற்றுப் பின்னோக்கித் திருப்பவும். ஆயினும் பிசிறல் மிகுந்த பின்னரே நம் செவி அதை உணர்கிறது. சப் ஊஃபரில் அதை உணர்வது மிகக் கடினம்.

எந்தப் பாட்டைக் கொண்டு சோதிப்பது என்பதிலும் விஷயம் உண்டு. இன்றைய திரைப்பாடல்களைத் தொடக்கம் முதல் இறுதிவரை உச்ச அளவை ஒட்டியே பதிவு செய்கின்றனர். நாகூர் ஹனீஃபா அவர்களின் பழைய பாடல்களோ, அக்கால ஒலிப்பதிவுக்கே உரிய தாழ்ந்த அளவில் உள்ளன. 2015-இல் மறைந்த அப்பெருமகனாரின் கணீரென்ற குரல்கூட, பென் டிரைவில் ஒரு புதுப்பாட்டை அடுத்து வரும்போது சன்னமாகத்தான் கேட்கும். ஓட்டுநர் உடனே வால்யூமை ஏற்றுகிறார், அடுத்த பாட்டு புதியதாக வந்து இடிபோல் விழுகிறது. ஸ்பீக்கர்கள் உயிரிழப்பது பெரும்பாலும் இத்தகைய தருணத்தில்தான். பழையவற்றுக்கு ஒரு பென் டிரைவ், புதியவற்றுக்கு ஒரு பென் டிரைவ் என்று பிரித்து வைப்பது எளிய வழி.

கெயின் சரியாக இருந்தும் சூடு தணியவில்லையெனில் ஓம் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரே சேனலில் 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் கொடுத்தால் தடை 2 ஓமாகக் குறையும், மின்னோட்டம் இரட்டிக்கும். இரு சேனல்களைச் சேர்த்து ஒன்றாக்கும் பிரிட்ஜ் முறையில் 4 ஓம் சப் ஊஃபரை இணைத்தால், ஒவ்வொரு சேனலும் 2 ஓமைச் சுமப்பதற்கு ஒப்பாகும். பிரிட்ஜ் முறையில் 2 ஓமைத் தாங்கும் என்று குறிப்புத் தாளில் தெளிவாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, அதைவிடக் குறைந்த தடையை இணைக்கக் கூடாது.

வயர் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் சிக்கனம் ஆபத்தானது. சேனலுக்கு 75 வாட் வீதம் நான்கு சேனலும் முழு வலிமையில் இயங்கினால், ஏ.பி. வகைக் கருவி ஏறத்தாழ 40 ஆம்பியர் இழுக்கும். டி வகை எனப்படும் புதிய முறைக் கருவிக்கு இதைவிடக் குறைவாகவே போதும், சூடும் குறைவு. இத்தனை மின்னோட்டத்தை, வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய வயரில் இழுத்தால் வயரே அடுப்பாகிவிடும். சந்தையில் அலுமினியத்தின் மீது செம்புப் பூச்சுப் பூசிய வயர்களும் செம்பு என்ற பெயரில் விற்கப்படுகின்றன. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும். 8 கேஜ் அளவுக்குக் குறையாத தூய செம்பு வயரையே வாங்கவும். பாட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் உடலில் உள்ள ஃபியூஸ்களின் ஆம்பியர் எண்ணைக் கூட்டி, வயரின் தாங்குதிறனுக்கு மேற்படாமல் அந்த ஃபியூஸைத் தேர்ந்தெடுக்கலாம். ஆம்ப்ளிஃபயரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்பவர் உண்டு. அது ஆம்ப்ளிஃபயரைக் காக்கும். பாட்டரியிலிருந்து பின்புறம் வரை தகரத்தை உரசிக் கொண்டு வரும் வயரை எது காக்கும்? தோல் தேய்ந்து அவ்வயர் பாடியைத் தொட்டால், பதினான்கு பேர் அமர்ந்திருக்கும் வண்டி தீப்பற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

எர்த் வயரும் அதே பருமனுடையதாக, அரை மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் போல்ட் போட்டு இறுக்கவும். பெயிண்டின் மேல் முடுக்கிய எர்த்தினால் மின்னழுத்தம் குறைந்து, கரை தாழ்ந்து, பிசிறல் முன்னதாகவே வந்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது? நேயர் தம் இருக்கைக்கு அடியில், தரை விரிப்பின் மேல், போர்வைகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவே வைத்திருக்கிறார். அதன் உடல் முழுவதும் விலா எலும்புகள் போல வரிவரியாக அமைத்திருப்பது அழகுக்காகவா? காற்றுப் பட்டுச் சூடு வெளியேறுவதற்காகவே. சித்திரை வெயிலில் வெளியே 38 டிகிரி இருக்கும்போது, பூட்டி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 55 டிகிரியைக்கூட எட்டிவிடும். பெரும்பாலான கருவிகள் 80 டிகிரியை ஒட்டித் தம்மை நிறுத்திக் கொள்கின்றன. ஆக, பாடத் தொடங்கும் முன்பே பாதி வழிக்கு மேல் கடந்தாயிற்று! மரப்பலகை ஒன்றில் பொருத்தி, சுற்றிலும் நான்கு விரற்கடை இடம் விட்டு, வரிகள் செங்குத்தாக நிற்குமாறு பக்கச் சுவரில் மாட்டுவது நலம். தலைகீழாக மாட்டலாகாது. வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் கதவுகளைத் திறந்து சிறிது நேரம் காற்றாட விட்ட பிறகு பாட்டைத் தொடங்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகள் சிலரும் தங்கள் ஆம்ப்ளிஃபயர் சூடாவது பற்றி முன்னர் எழுதியிருந்தனர். அங்கும் இதே நீதிதான். மைக் திருகை உச்சத்தில் வைத்து, மாஸ்டர் திருகைக் குறைத்து வைக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, இரண்டையும் நடுவாந்திரத்தில் நிறுத்த வேண்டும். 100 வோல்ட் லைனில் கூம்பு ஸ்பீக்கர்களை இணைத்திருந்தால், அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர்களில் தேர்ந்தெடுத்த வாட் எண்களின் கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் வாட்டுக்குள் அடங்க வேண்டும். பின்னாளில் மாடியில் ஒன்று, பெண்கள் பகுதியில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போவோர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

இனி, நேயர் கேட்காத ஒன்றையும் கூறியாக வேண்டும். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றிய காலம் முதல் நூற்பாலைகளை நம்பி வாழும் ஊர் அது. ஆலையில் பல்லாண்டு உழைத்தவர்கள் வீட்டிலும் உரக்கப் பேசுவதையும், மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பாததையும் அவ்வூரார் அறிவர். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலை வரம்பாக வைத்துள்ளன. செவி நல வல்லுநர்கள் 85 டெசிபலே எட்டு மணி நேரத்திற்குப் போதும் என்பர். அதன் மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அவர்தம் கணக்கு. அதன்படி 100 டெசிபல் எனில் கால் மணி நேரமே பாதுகாப்பானது. சப் ஊஃபர் முழங்கும் வேனுக்குள் 100 டெசிபல் என்பது அரிதன்று. ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று சேர்வதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. பயணிகள் அன்று மாலை இறங்கிப் போய்விடுவர். அன்றாடம் அதற்குள் அமர்ந்திருப்பவர் நேயரே. நிக்காஹ் வீட்டு வண்டிகளில் மடியில் கிடக்கும் கைக்குழந்தைகள் "குறையுங்கள்" என்று வாய் திறந்து கூறவும் இயலாதவர்கள்.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரையறுத்துள்ளன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான இடம் அமைதி மண்டலமாகலாம் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. மேற்கே தெரியும் மலையோ 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. அடிவாரச் சாலையில் வால்யூமைப் பாதியாக்கினால் காட்டு விலங்குகளுக்கும் நன்று, ஆம்ப்ளிஃபயரும் இளைப்பாறும்.

நேயர் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்து பார்க்கட்டும். இருக்கைக்கு அடியிலிருந்து கருவியை வெளியே எடுப்பதும், கெயினைக் குறைப்பதும் செலவில்லாதவை. வயர், ஃபியூஸ், மீட்டர் மூன்றுக்கும் ஆகும் தொகை, புதிய ஆம்ப்ளிஃபயரின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. அதன் பின்னர் அரை மணி நேரம் பாடவிட்டு, கருவியின் மேல் உள்ளங்கையை வைத்து ஐந்து வரை எண்ணவும். எண்ணி முடியும்வரை கை தாங்குமாயின் கருவி நலமாக உள்ளது. தாங்கவில்லையெனில் ஸ்பீக்கர் வயர் ஏதேனும் ஓரிடத்தில் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறதா என்று பார்க்கவும். கருகிய ஸ்பீக்கரை மாற்றியபோது 4 ஓமுக்குப் பதிலாக 2 ஓம் வந்துவிட்டதா என்பதையும் மீட்டரின் ஓம் பகுதியில் அளந்து அறியலாம். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றைச் சற்றுத் தாண்டிக் காட்டினால் அதுவே சரி.

பாட்டரி அடிக்கடி இறங்கிப் போவதாக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் எழுதியுள்ளார். இன்ஷா அல்லாஹ், அதனை அடுத்த இதழில் பார்ப்போம்.